அழைப்பில் உள்ள பெயர்

விருதுநகர்,
6.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாரிசெல்வி எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று தீபாவளிக்கு நீ சொன்னாய். சரி என்று தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோர்ட்டு நோட்டீஸ் அனுப்புகிறேன் என்று நினைத்திருப்பார்.

உங்கள் அறக்கட்டளையும் வீட்டு மனுக்களுக்கான பொதுப் பதிவில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆனைக்குட்டம் குடியிருப்புக்கே மேலாளராக இருக்கிற உனக்கு நான் சொல்லிக் கொடுப்பதா என்று கோபித்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டுவசதிச் சங்கம் போன வருடமே சேர்ந்ததால், இங்கே உன் வேலையையே பார்க்கிற எனக்குக் கொஞ்சம் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் குறைந்த வாடகையில் வீடு வேண்டும் என்றால் ஒருத்தி உன்னிடம் ஒரு மனு, என்னிடம் ஒரு மனு, சாத்தூர் சங்கத்தில் ஒரு மனு என்று அலைவாள். நான் அவளுக்குச் சாவி கொடுத்தது தெரியாமல் நீ வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாய். இப்போது மனு ஒன்றுதான். எங்கே கொடுத்தாலும் மூன்று அலுவலகத்திலும் தெரியும். எந்தெந்த ஊருக்குச் சம்மதம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வீடு காலியானதும் நீ அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், அந்த ஊருக்குச் சம்மதம் சொன்னவர்களில் முன்னால் நிற்கிற பெயர் வரும். அவரைத்தான் அழைக்க வேண்டும். தாண்டிப் போனால் ஏன் தாண்டினாய் என்று எழுத வேண்டும், அதையும் எல்லோரும் படிப்பார்கள். உனக்குப் பிடித்த ஆளைக் கூப்பிட முடியாது அக்கா, அது ஒன்றுதான் உனக்குக் கஷ்டம்.

பொன்னுத்தங்கம் மதினி போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து மனு கொடுத்தார். அச்சங்குளத்தில் நம் சங்கிலிமுத்து அண்ணன் லாரி ஓட்டிய பட்டாசுக் கம்பெனியின் லைன் வீட்டை முதலாளி இடித்துவிட்டுக் குடோன் கட்டப்போகிறாராம். வைகாசி பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். அண்ணன் விபத்தில் போன பிறகும் அவர்களை இத்தனை நாள் இருக்க விட்டார், அவரையும் குறை சொல்ல முடியாது. மதினி மூன்று ஊருக்கும் சம்மதம் சொல்லியிருக்கிறார். இருக்கிற வீடு போகிறது என்பதால் வரிசையில் மேலே வந்துவிட்டார். நமக்குச் சொந்தம் என்பதை எழுதி எங்கள் செயலாளர் கையெழுத்தையும் வாங்கிவிட்டேன். நீயும் அப்படியே செய்துகொள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
மாரிசெல்வி


ஆனைக்குட்டம்,
21.1.2025

அன்புள்ள மாரிக்கு,

அக்கா எழுதுவது. பொங்கல் நல்லபடியாகப் போனது. அத்தான் மாத்திரை போடுகிறார், கூடவே அல்வாவும் சாப்பிடுகிறார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உனக்கென்ன, லிப்ட் வைத்த ஆபீஸ்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். புரிந்தது. இத்தனை வருடமாக முகத்தைப் பார்த்தே இவள் வாடகை கொடுப்பாள், இவன் குடித்துவிட்டுச் சண்டை போடுவான் என்று தெரிந்துகொண்டு வீடு கொடுத்தவள் நான். இப்போது ஒரு பெட்டி சொல்கிற ஆளுக்குச் சாவி கொடுக்கிறேன். போகட்டும். ஒருவர் வீட்டை வேண்டாம் என்றால் காரணத்தை எழுத வேண்டும், அதுவும் மூன்று இடத்திலும் தெரியும் என்று நீ சொல்லவில்லையே? போன வாரம் ஒருத்தி வந்தாள், குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், "தண்ணி உப்புக் கரிக்கி, இதையே எழுதிக்கோங்க" என்றாள். என் கையாலேயே எழுதினேன். மறுநாள் அவள் விருதுநகர் அழைப்பில் இருக்கிறாள். நீ அதைப் படித்திருப்பாய். சிரித்தாயா?

கேட்கக் கூடாது, கேட்கிறேன். பொன்னுத்தங்கம் எதற்கு உன்னிடம் வந்து மனு கொடுத்தாள்? சாத்தூரில் பஸ் மாறி விருதுநகர் வரை வரத் தெரிந்தவளுக்கு என்னிடம் வர வழி தெரியாதா? சங்கிலிமுத்துவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். நீ அப்போது பிறக்கவே இல்லை. அவன் பெண்டாட்டி ஒரு வீடு தேடுகிறாள் என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது மாரி, மறைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசி.

சோலையம்மாள்


விருதுநகர்,
4.2.2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தண்ணீரைக் குடித்துப் பார்த்தாளே அந்தப் பெண், அவளை நினைத்துச் சிரித்தேன். ஒரு நல்ல தண்ணீர்த் தொட்டி வைக்கச் சொல்லி உங்கள் செயலாளர் சீனிவாசகம் ஐயாவிடம் சண்டை போடு. உனக்குச் சண்டை போடத் தெரியாதா என்ன.

மதினி மனுவை உன்னிடம் கொடுக்காததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. இங்கே கோவிலுக்கு வந்தார், அப்படியே கொடுத்தார். அதற்குப் போய் வயிற்றெரிச்சலா?

நீ கேட்காமலேயே இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒருவரை நீ அழைத்துவிட்டால் பத்து நாளைக்கு அவர் பெயருக்கு எதிரே "அழைப்பில் உள்ளது" என்று நிற்கும். அந்தப் பத்து நாளும் மற்ற இரண்டு பேரும் அவரை அழைக்க முடியாது. ஒரே ஆளை மூன்று பக்கமும் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பத்து நாளில் பதில் வரவில்லை என்றால் மறுத்ததாகக் கணக்கு. ஒரு தடவை மறுக்கலாம். இரண்டாவது அழைப்பையும் விட்டால் பெயர் வரிசையின் வாலுக்குப் போய்விடும். சாவி கொடுத்துவிட்டால் பெயரே மூன்று இடத்திலும் மறைந்துவிடும்.

போன சனி, ஞாயிறு மதினியும் மகள் கார்த்தீஸ்வரியும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். மதினி கருவாட்டுக் குழம்பு வைத்தார். ஊருக்கே மணத்தது. நான் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைத்தான் கட்டியிருந்தார். "ஒங்க வீட்டுல படுத்தா எம்புட்டு நல்லாத் தூக்கம் வருது மாரி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தள வீட்டில் இருக்கிற மகேஷ்குமார் மார்ச் முதல் வாரம் தூத்துக்குடிக்குக் குடிபோகிறார். வீடு காலியானால் வரிசைப்படி மதினி பெயர்தான் வரும். பக்கத்துப் பருப்பு மில்லில் அவருக்கு வேலைக்கும் சொல்லி வைத்துவிட்டேன். இதைக் கேட்டால் உனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

உன் தங்கை,
மாரி


ஆனைக்குட்டம்,
20.2.2025

மாரிக்கு,

சுகம். அத்தானும் சுகம்.

தொட்டி வைத்தாயிற்று. சீனிவாசகம் ஐயா சரி என்று சொல்லும்வரை அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டுக்கு வெள்ளையும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். சமையலறைக்குச் சின்ன அலமாரி ஒன்று போடச் சொன்னேன்.

ஒரு சந்தேகம். அந்தப் பத்து நாள், அழைத்த அன்றிலிருந்தா, மறுநாளிலிருந்தா?

கருவாட்டுக் குழம்பில் அவள் கத்தரிக்காய் போடுவாளா, மாங்காயா? தம்பிக்கு மாங்காய்தான் பிடிக்கும்.

சோலையம்மாள்


விருதுநகர்,
8.3.2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

புதன்கிழமை மகேஷ்குமார் சாவியைக் கொடுத்தார். உடனே வீட்டைக் காலி என்று ஏற்றினேன். மதினி பெயரைத் தாண்டி அடுத்த பெயர் வருகிறது. என்னவென்று பார்த்தால் "அழைப்பில் உள்ளது, ஆனைக்குட்டம், மார்ச் 1". காலி வீட்டை நான் யாருக்காகவும் பூட்டி வைக்க முடியாது. அடுத்து நின்ற குடும்பத்துக்கு அழைப்புப் போனது, மறுநாளே சரி என்று வந்துவிட்டார்கள். கீழ்த்தளம் போயிற்று.

உங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற உக்கிரபாண்டியை இங்கே மார்க்கெட்டில் பார்த்தேன். நீ காலி என்று ஏற்றிய வீட்டில் கருப்பணன் இன்னும் சாமான் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்று அவர் சொன்னார். குடியிருக்கிற வீட்டை எப்படி அக்கா காலி என்று ஏற்றினாய்? பத்து நாள் எதிலிருந்து என்று நீ கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான்தான் வெள்ளந்தியாக "அன்றிலிருந்துதான்" என்று கார்டு வேறு போட்டேன்.

மாரிசெல்வி


ஆனைக்குட்டம்,
10.3.2025

மாரிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் நன்றாக இரு.

ஒன்றாம் தேதி காலி செய்கிறேன் என்று கருப்பணன் வாயால் சொன்னார். வாய் வார்த்தையை நம்பி ஏற்றினேன். சாமானை ஏற்ற வண்டி கிடைக்காமல் ஐந்து நாள் தாமதமானது. இது ஒரு குற்றமா? வரிசையில் அவள்தான் வந்தாள். நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டி வந்து வீட்டைக் காட்டினேன். வெள்ளை அடித்த வாசம் இன்னும் இருக்கிறது. அலமாரியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். "இம்புட்டும் எனக்காகவா மதினி செஞ்சீக?" என்றாள். "வேற யாருக்குச் செய்வேன்?" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாயில் ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கு" என்றாள். இதை எழுதுவதற்குப் பெட்டியில் இடம் இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசில் அவளுக்கு வேலைக்கும் பேசிவிட்டேன். இன்றோடு கெடு முடிகிறது. கட்டாயம் வருவாள்.

சோலையம்மாள்


விருதுநகர்,
13.3.2025

அக்காவுக்கு,

கெடு முடிந்துவிட்டது. மதினி பெயருக்கு எதிரே "பதில் இல்லை, மறுப்பாகக் கொள்ளப்பட்டது" என்று நிற்கிறது. பார்த்தாயா?

முதலில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை வந்தது. உன்னிடம் மறைப்பானேன். பிறகுதான் பயம் வந்தது. இனி மதினிக்கு ஒரே ஒரு அழைப்புதான் பாக்கி. அதையும் விட்டால் வாலுக்குப் போவார். வைகாசியில் லைன் வீட்டை இடிக்கும்போது கார்த்தீஸ்வரியோடு தெருவில் நிற்பார். உன் பொறாமையால் ஒரு தடவை வீணாகப் போயிற்று.

இனி அவர் பெயரைத் தொடாதே. எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாகும் போலிருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாரி


ஆனைக்குட்டம்,
9.4.2025

அன்புள்ள மாரிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் உன்னைத் திட்டத்தான் வந்தது. பங்குனிப் பொங்கலுக்கு நீ தீச்சட்டி எடுத்ததாக உக்கிரபாண்டி சொன்னார். கால் கை நன்றாக இருக்கிறதா?

போன ஞாயிறு அச்சங்குளம் போனேன். கொடியில் உன் பச்சைச் சேலைதான் காய்ந்துகொண்டிருந்தது. நான் எடுத்துக் கொடுத்த சேலை பெட்டிக்குள் இருக்கும். "வீடு புடிக்கலையாத்தா?" என்று கேட்டேன். "நல்ல வீடுதான் மதினி" என்றாள். "பெறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன். "காப்பி ஆறிப்போகும், குடிங்க" என்றாள். "மாரி எதுவும் சொன்னாளா?" என்றேன். அதற்கும், "இன்னுங் கொஞ்சம் சீனி போடவா மதினி?" என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். ஒருவேளை நீதான் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தாயோ என்றுகூட நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இது கடைசி அழைப்பு. அவளாக வாய் திறந்து உன் வீடு வேண்டும் என்று சொல்லாமல் மூன்றாம் மாடிக்கு அழைக்காதே. நான் தோற்றால் பரவாயில்லை, அவள் வாலுக்குப் போகக் கூடாது.

அக்கா


விருதுநகர்,
24.4.2025

அன்புள்ள அக்கா,

சுகம். தீச்சட்டி எடுத்ததில் ஒரு குறையும் இல்லை.

நான் மதினிக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, அம்மன் மேல் ஆணை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். பிறகும் திங்கட்கிழமை மூன்றாம் மாடியை ஏற்றினேன். உன் வீட்டை வேண்டாம் என்றவர் என் வீட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குப் பிடித்திருந்தது.

மதினி பெயர் வரவில்லை. "அழைப்பில் உள்ளது, சாத்தூர்" என்று இருக்கிறது. என்னை முந்துவதற்காக நீதான் சாத்தூர்க்காரர்களிடம் சொன்னாயா? உண்மையைச் சொல்.

மாரி


ஆனைக்குட்டம்,
29.4.2025

மாரி,

நான் சொன்னேனா? நானும் அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் விடக் கூடாது என்று நீதான் அங்கே தள்ளிவிட்டாய் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் நம் இரண்டு பேருக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது என்று புரிகிறது.

அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அதையும் விட்டுவிட்டால் என்ன ஆகும்? போன் போட்டேன், எடுக்கவில்லை. காலையிலும் சாயங்காலமும் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று மதியம் வரை இருந்தது. மூன்று மணிக்குப் பார்த்தால் இல்லை. வாலில் தேடினேன், அங்கேயும் இல்லை. சாவி வாங்கிவிட்டாள் மாரி.

உனக்கும் அதே மூன்று மணிக்குத்தான் மறைந்திருக்கும். எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது, யாரையாவது அடிக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

அக்கா


சாத்தூர்,
12.5.2025

மதிப்பிற்குரிய மதினிக்கு,

பொன்னுத்தங்கம் எழுதிக்கொள்வது. நானும் கார்த்தீஸ்வரியும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாரிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எடுத்தால் சரி என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். எனக்கு உங்கள் இரண்டு பேரிடமும் இல்லை என்று சொல்லி வழக்கமில்லை.

சாத்தூர் சங்கத்தில் வரிசைப்படிதான் கூப்பிட்டார்கள். நான் சிபாரிசுக்கு யாரையும் பிடிக்கவில்லை. அங்கே இருக்கிற பாண்டிமீனா என்கிற அம்மா வீட்டைக் காட்டும்போது, "எங்கன வேலை பாக்கீக? வண்டி எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டார்கள். நீங்கள் தீப்பெட்டி ஆபீசில் சொல்லி வைத்தீர்கள், மாரி பருப்பு மில்லில் சொல்லி வைத்தாள். எனக்கு வேலை இருக்கிறது மதினி. அவர் போனதிலிருந்து அச்சங்குளம் கம்பெனியில்தான் பாக்கெட் போடுகிறேன், உங்களுக்குத் தெரியும். கம்பெனி வண்டி இந்தத் தெரு முனையில் வந்து நிற்கிறது. கார்த்தீஸ்வரிக்கும் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டாம்.

அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். உங்களிடம் வந்தால் மாரி அழுவாள். மாரியிடம் போனால் நீங்கள் என் வாசலை மிதிக்க மாட்டீர்கள். நான் எந்தச் சேலையைக் கட்டினேன், யார் வீட்டில் எத்தனை நாள் தங்கினேன் என்று நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். பாசம்தான், எனக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே சமாளித்தார். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. ஒரு தடவை விட்டது போக ஒரே வாய்ப்பு இருந்தபோது பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்ச நாத்தனார்தான் சட்டியை அடுப்பில் வைக்க வேண்டும். மூத்தவர் என்று உங்களைக் கூப்பிட்டால் மாரிக்கு மனசு கஷ்டப்படும். இரண்டு பேரையும் கூப்பிட்டால் யார் கை முதலில் என்று வரும். தாலி இல்லாதவள் வைக்கக் கூடாது என்பார்கள். நானே வைத்தேன் மதினி. கார்த்தீஸ்வரி தீக்குச்சி கிழித்தாள். பால் நன்றாகப் பொங்கியது.

இரண்டு பேரும் வாருங்கள். சேர்ந்து வாருங்கள். ஒருவர் மட்டும் தனியாக வந்தால் கதவைத் திறப்பேன், தண்ணீர் கொடுப்பேன், சோறு போட மாட்டேன்.

உங்கள் தம்பி மனைவி,
பொன்னுத்தங்கம்


ஆனைக்குட்டம்,
16.5.2025

அன்புள்ள மாரிக்கு,

சுகம்தான். இரண்டு நாள் படுத்தே கிடந்தேன், இன்றைக்குத்தான் எழுந்து குளித்தேன். அவள் எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீ விருதுநகர் பஸ்ஸில் வந்து இறங்கு. எனக்கு முன்னால் வந்துவிட்டால் அங்கேயே நில், முந்திக்கொண்டு வீட்டுக்குப் போகாதே. சேலை எதுவும் எடுத்து வராதே, நானும் எடுத்து வரவில்லை. பழம் மட்டும் வாங்குவோம், ஆளுக்குப் பாதி.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். எனக்கு அவள் எழுதியது இரண்டு பக்கம் மாரி. உனக்கு எத்தனை பக்கம் எழுதியிருக்கிறாள்?

அக்கா